பாதாளக் கரண்டியும் பைப் ரெஞ்சும்

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் முன்பு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பாதாளக் கரண்டி இருக்கும். இரும்பு வளையத்தில் நாலாபக்கமும் கொக்கிகள் தொங்கும் கருவி அது. கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுந்துவிட்டால், அதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். வாளி மாட்டும். எப்போதோ விழுந்த செம்பும் சில சமயம் சேர்ந்து வரும். கரண்டியை இரவல் கொடுக்கும் வீட்டில், அது திரும்பி வரும்வரை ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒருவர் திருப்பித் தர மறந்தால் அடுத்த வீட்டு வாளி கிணற்றிலேயே கிடக்கும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இன்று அதே தெருக்களில் பாதாளக் கரண்டியைப் பார்த்திருப்பவர்கள் வயதானவர்கள் மட்டுமே. அதன் இடத்துக்கு பைப் ரெஞ்ச் வந்துவிட்டது. ஆனால் அது பிளம்பரின் பையில் இருக்கிறது, வீட்டில் இல்லை. தண்ணீர்க் கருவிகளைப் பழுது பார்க்கும் அறிவு வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்த மாற்றங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிணறு இருந்த வீட்டில் எதுவும் மறைவாக இல்லை. கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்பது தண்ணீர் சேந்துகிற கைக்குத் தெரியும். சகடை கிறீச்சிட்டால் எண்ணெய் போட வேண்டும் என்று தெரு முழுவதற்கும் தெரியும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் ஆட்களை இறக்கித் தூர் வாருவார்கள். தண்ணீரின் சுவைக்காக நெல்லிக் கட்டையை உள்ளே போடுவார்கள். பாலாற்றில் புதுத் தண்ணீர் வந்து கலங்கினால், குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பார்கள். கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டி, அகப்பையால் மொண்டு குடம் நிரப்பியதும் உண்டு. உடல் உழைப்பு அதிகம், அதிலும் பெண்களின் உழைப்பு. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கடற்கரைப் பக்கம் கதை இன்னும் நுட்பமானது. கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் போன்ற ஊர்களில் அலைக்குக் கூப்பிடு தூரத்தில் கிணறு தோண்டினாலும் குடிக்கிற தண்ணீர் கிடைத்தது. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். கிணறு சரியாமல் இருக்க உறை இறக்குவார்கள். இந்த முறைக்கு வயது மிக அதிகம். பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே உள்ள வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களோடு சுடுமண் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் ஓரத்தில் 1990இல் தோண்டியபோதும் சிறு சன்னதியோடு ஒரு கிணறு கிடைத்தது. கடலை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு ஒரு விதி தெரிந்திருந்தது: ஆழமாகத் தோண்டாதே, அளவாகச் சேந்து.

அந்த விதிக்குப் பின்னால் உள்ள கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துக்காரரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. ஆகவே நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே 1 மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் உப்பு 40 மீட்டர் மேலேறி வரும். வாளியால் சேந்தியவரை இந்தக் கணக்கு கெடவில்லை. மோட்டார் வந்த பிறகு கெட்டது.

கிணற்றுக்கும் மோட்டாருக்கும் நடுவே அடிபம்பு ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு உடல், உள்ளே தோல் வாஷர். காலையில் தண்ணீர் ஏறவில்லையென்றால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்பார்கள். காய்ந்து சுருங்கிய தோல் நனைந்து உப்பி, காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறும். தோல் தேய்ந்தால் கடையில் புது வாஷர் வாங்கி, கைப்பிடி ஆணியைக் கழற்றி வீட்டிலேயே மாட்டுவார்கள். பத்தாம் வகுப்புப் பையன் செய்கிற வேலை அது. காற்றின் அழுத்தத்தால் உறிஞ்சும் எந்தப் பம்பும் நடைமுறையில் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருந்து தண்ணீரை ஏற்றாது என்பதால், தண்ணீர் ஆழத்தில் இருந்த உள்பகுதி ஊர்களுக்கு வேறு கருவி வேண்டியிருந்தது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாக்கி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்த்த இந்தியா மார்க் 2 கைப்பம்பு அந்தக் குறையைத் தீர்த்தது. தெருமுனைகளில் அது இன்றும் நிற்கிறது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்து குழாய்த் திட்டங்கள் பரவின. பாலாற்று மணலில் போட்ட கிணறுகளிலிருந்து செங்கல்பட்டுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் நீர் வந்தது. தெருக்குழாய் வந்தது, பிறகு வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது.

வீட்டுக் குழாய் முதலில் சுவருக்கு வெளியேதான் ஓடியது. ஜி.ஐ. பைப், மரையில் சணல் சுற்றி வெள்ளை லெட் பூசிய இணைப்புகள். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. குஜராத்தின் கலோலில் 1975இல் தொடங்கிய பிளாஸ்டிக் தொட்டித் தயாரிப்பு நம் ஊர் மொட்டை மாடிகளுக்கு வந்து, எந்த நிறுவனத்தின் தொட்டியும் ‘சின்டெக்ஸ்’ என்றே பெயர் பெற்றது. பி.வி.சி., பின்பு வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. பைப்புகள் இரும்பை விரட்டின. பைப் முழுவதும் சுவருக்குள் போய், மேலே டைல்ஸ் ஒட்டிக்கொண்டது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு எல்போ கசிகிறது என்பதை இப்போது பக்கத்து அறைச் சுவரின் பெயின்ட் உப்பிப் பொரிந்தால்தான் கண்டுபிடிக்கிறோம்.

குழாய் மாறிய இதே காலத்தில் தண்ணீரும் மாறியது. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்ததும் இருபுறமும் மனைகள், விடுதிகள், வார இறுதி வீடுகள், ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கிணறு. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் கிணறுகளை ஒரே காலையில் உப்பாக்கியது. பலவற்றை இறைத்து இறைத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. இன்று நெம்மேலியில் கடல்நீரிலேயே குடிநீர் எடுக்கிறார்கள். 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் மேலும் 15 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் திறக்கப்பட்டன. அந்தத் தண்ணீர் வடக்கே சென்னைக்குப் போகிறது. கரையில் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் குழாய்க்கு, கேன் தண்ணீர்தான் வாய்க்கு.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. குடிப்பதைப் பற்றி மட்டும் எல்லோரும் யோசிக்கிறார்கள். அதே உப்பு குழாய்களைத் தின்பதைப் பற்றி வீடு கட்டும்போது யாரும் பேசுவதில்லை. நகரத்து ஷோரூமில் பளபளக்கும் குரோமிய முலாம் பூசிய பித்தளைக் குழாயை வாங்கி வந்து கடற்கரை வீட்டில் மாட்டுகிறார்கள். முலாம் புள்ளி புள்ளியாக உரிந்து, பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், சில வருஷங்களில் மரை பொடிப்பொடியாக உதிர்கிறது. துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குளோரைடு குழி பறிக்கும். இந்தப் பக்கத்து அனுபவசாலிப் பிளம்பர்கள் பின்கட்டுக்கும் மாடிக்கும் பிளாஸ்டிக் குழாய்களையே மாட்டச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. உப்புத் தண்ணீருக்கு பிளாஸ்டிக் வால்வு, போர்வெல்லில் இரும்புக்குப் பதில் யு.பி.வி.சி. காலம் பைப் என்று முதலிலேயே முடிவெடுத்தால் பாதிப் பழுதுகள் பிறக்கவே பிறக்காது.

ஆனால் பிளாஸ்டிக்குக்கும் தனிப் பழக்கங்கள் உண்டு. இரும்புக் காலத்துக் கைகள் அதை மறந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் மரையில் சணலைத் தடிமனாகச் சுற்றி ரெஞ்ச் போட்டு முறுக்கினால், அன்று ஒழுகாது. ஒரு மாதம் கழித்து ஃபிட்டிங் விரிசல் விடும். டெஃப்லான் டேப்பை மரை திரும்பும் திசையிலேயே சுற்றி, கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு திருப்பு போதும். பைப்பை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, ஈரமில்லாமல் துடைத்து, அந்தந்த பைப்புக்கு உரிய சால்வென்ட் பூசி, கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். சி.பி.வி.சி.க்கு பி.வி.சி. பசையைப் போடுவது பிற்பாடு சுவரை உடைக்க வைக்கிற வேலை. மாடியில் வெயிலில் கிடக்கும் பைப்புக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் அடித்தாலே ஆயுள் கூடும். கீசரிலிருந்து வரும் குழாயில் பி.வி.சி. போடவே கூடாது, வெந்நீரில் அது இளகும்.

புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டில் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கூடம்வரை ஓடியபோது நான் அங்கே இருந்தேன். ஓடி வந்த பிளம்பர் தம்பி கேட்ட முதல் கேள்வி, “அக்கா, மெயின் வால்வு எங்க இருக்கு?” வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. “மாடியில ஏதோ நாலஞ்சு இருக்கு தம்பி, எது எதுக்குன்னு தெரியாது.” அவர் ஏறிப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்று உப்பு பூத்து அசையவே இல்லை. “பாதி வூட்டுல இதே பதில்தாங்க” என்றார் இறங்கி வந்து. கயிறு எங்கே நைந்திருக்கிறது என்று கை அறிந்த தலைமுறைக்கும் நமக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடிக்கடி வரும் பழுதுகள் அதிகமில்லை. சொட்டுகிற குழாயை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு வாட்டர் கேன். பழைய திருகு குழாயாக இருந்தால் வால்வை மூடிவிட்டுத் தலைப்பகுதியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சில ரூபாய் வாஷரை மாற்றினால் தீர்ந்தது. கால் திருப்பில் திறக்கும் புது வகைக் குழாயில் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள். மணலும் உப்புக் குருணையும் அவற்றைக் கீறிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, உள்பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சிறு வடிகட்டி வைத்தால் இந்தச் செலவு வராது. ஷவரில் தண்ணீர் கோணல்மாணலாகப் பீச்சினால் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது என்று பொருள். கழற்றி வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்தால் போதும், புதிது வாங்க வேண்டாம். கீசரின் சூட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் உப்புப் படிவது குறையும். அதற்கு மேல் போகப் போக ஹீட்டரில் வெள்ளைப் பாறை படிந்து, ஹீட்டரே எரிந்து போகும். உள்ளே அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோட் ராடு ஒன்று இருக்கிறது. இந்தத் தண்ணீருக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பியதும் சில குழாய்களில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் வருவது இன்னொரு தொல்லை. இறங்கும் குழாயில் காற்று சிக்கிக்கொள்வதே காரணம். தொட்டிக்கு அருகில் அந்தக் குழாயிலிருந்து தொட்டியின் உச்சிக்கும் மேலே ஒரு ஏர் வென்ட் நிறுத்தினால் நிரந்தரத் தீர்வு. ‘பிரஷர் இல்லை’ என்ற புகாருக்கும் பல வீடுகளில் காரணம் எளியது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மூன்று மீட்டர் மேலே இருக்கும் தொட்டியால் விளம்பரத்தில் வரும் மழை ஷவரைப் பொழிய வைக்க முடியாது. மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பப் பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்து, நாகர்கள் செதுக்கப்பட்ட பிளவின் வழியே நீர் விழுந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அன்றும் இன்றும் உயரம் கொடுப்பதைத்தான் தண்ணீர் கொடுக்கும்.

வடிகால் விஷயத்தில் அன்றைய வீடுகள் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து மாட்டுக்குப் போயின. பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார்கள். கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் ஓடியது. அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. இன்று கஞ்சி, எண்ணெய், இட்லி மாவு, காபித் தூள் அத்தனையும் சிங்க்கின் ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் போகின்றன. குளிர்ந்ததும் எண்ணெய் ஒட்டிக்கொள்கிறது, கஞ்சி அதன்மேல் பூசிக்கொள்கிறது. வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள பாட்டில் டிராப்பை வாளி வைத்துக் கையாலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம். மாதம் ஒரு முறை போதும். அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது குழாய் மூட்டின் சிமென்ட்டையும் தரை டைல்ஸ் இடுக்கையும் அரிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் கலந்தால் எழும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வார இறுதி வீடுகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் குளியலறை டிராப்பில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் கரப்பானையும் தடுக்கும் கதவு. பூட்டும் முன் ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளை தண்ணீரும் மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் ஊற்றினால் சீக்கிரம் காயாது. மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று கழிப்பிடம் கொல்லையின் கோடியில் இருந்தது, கிணறு வீட்டுக்கு அருகில் இருந்தது. இன்று ஒரு கிரவுண்டு மனையில் போர்வெல், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி மூன்றும் நெருக்கியடிக்கின்றன. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கடற்கரை மணலில் கழிவுநீர் வேகமாக ஊடுருவும் என்பதால் அதற்கு மேலும் விட்டால் நல்லது. பக்கத்து மனைக்காரர் கிணற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். டேங்க் நிரம்பினால் லாரியை அழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கொலைக்குச் சமம்.

புயல் வரும்போது பழையதன் அருமை தெரிகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரம் போனால் மோட்டார் இல்லை, தண்ணீரும் இல்லை. திறந்த கிணறோ அடிபம்போ வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் அக்கம்பக்கம் குடத்தோடு போகும். கிணற்றை மூடிவிட்டு அதன்மேல் கார் நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன்: தூர் வாரி, கம்பி வலை போட்டு, மாடி மழைநீரை வடிகட்டி அதற்குள் விடுங்கள். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயம். கடற்கரையில் அது சட்டத்துக்கும் மேலான தேவை. உள்ளே போகும் ஒவ்வொரு மழையும் அடியிலிருக்கும் உப்பைக் கீழே தள்ளுகிறது, அதனால் குழாயும் கீசரும் பிழைக்கின்றன.

புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன் சுவரில் ஓடும் ஒவ்வொரு பைப்பையும் அளவு நாடா வைத்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் இருப்பவர்கள் மாடியில் உள்ள வால்வுகளில் எது எந்த அறைக்கு என்று பெயின்ட்டால் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் மூடித் திறந்தால் உப்பு பிடித்து இறுகாது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் மெயின் வால்வைக் காட்டிக்கொடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் தொட்டியைக் கழுவி, மூடியைக் கட்டி, மழைநீர் வடிகட்டியில் மணலை மாற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கிவிடும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இந்தக் கரையில் கூப்பிட்டவுடன் பிளம்பர் கிடைப்பதில்லை.